தீரர் சத்தியமூர்த்தியும் அல்சூர் ஏரிக்கரையும்

தமிழ்ச் சேனல்களில் செய்தி பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு "சத்தியமூர்த்தி பவன்" என்ற பெயர் மனப்பாடம். வேட்டி கிழிந்தது, நாற்காலி பறந்தது, கோஷ்டி மோதல், உண்ணாவிரதம், எல்லாம் அங்கேதான் நடக்கும். பெங்களூரில் பிறந்து வளர்கிற நம் பிள்ளைகளும் அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். ஆனால் யார் அந்தச் சத்தியமூர்த்தி என்று கேட்டால் நம்மில் பலரிடம் ஒரு வரிக்கு மேல் பதில் இருக்காது. "காமராஜரோட குரு." அவ்வளவுதான். ஒரு மனிதர் கட்டிடமாக மாறிவிட்டால் இதுதான் கதி போலிருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். திருமயம் கோட்டைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப் போனபோது வாத்தியார் சொன்னது நினைவிருக்கிறது: இந்த ஊர்ப் பெருமாள் பெயர் சத்தியமூர்த்தி, இந்த ஊரில் பிறந்த தலைவர் பெயரும் சத்தியமூர்த்தி. அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வங்கி உத்தியோகத்தில் ஊர் ஊராக மாற்றலாகி, கடைசியில் அல்சூரில் வீடு பிடித்து உட்கார்ந்த பிறகுதான், அதுவும் முற்றிலும் வேறு ஒரு காரணத்துக்காக, இவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் ஆளைப் பற்றி.

சத்தியமூர்த்தி 1887 ஆகஸ்ட் 19 அன்று பிறந்தார். அப்போது திருமயம் பிரிட்டிஷ் இந்தியாவில் இல்லை, புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. சிறு வயதிலேயே தகப்பனார் போய்விட்டார். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, சட்டப் படிப்பு, எஸ். சீனிவாச ஐயங்காரிடம் ஜூனியர். அந்தக் காலத்து மயிலாப்பூர் வக்கீல் வாழ்க்கைக்கான சரியான பாதை. அதிலேயே போயிருந்தால் நாலு பங்களா வாங்கியிருப்பார். அவருக்கு இருந்த மூலதனம் வாய். அதை அவர் கோர்ட்டில் முதலீடு செய்யவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேடையில் நின்று தமிழில் அரசியல் பேசுவது என்பது நாம் நினைப்பதுபோல் ஆதிகாலத்து வழக்கம் அல்ல. 1905-க்கு முன்னால் சென்னையின் பெரிய மனிதர்கள் அரசியல் பேசினால் ஆங்கிலத்தில் பேசினார்கள், மண்டபத்துக்குள் பேசினார்கள், தங்களைப் போன்ற ஐம்பது பேரிடம் பேசினார்கள். சுதேசி இயக்கம் வந்த பிறகுதான் பேச்சு கடற்கரை மணலுக்கு இறங்கி வந்தது. சுப்பிரமணிய சிவா, வ.உ.சி. போன்றவர்கள் தமிழில் பேசினார்கள். பேசியதற்காகவே 1908-இல் உள்ளே போனார்கள். சத்தியமூர்த்தி அதற்கு அடுத்த தலைமுறை. அவரிடம் இரண்டு மொழியும் இருந்தன. சட்டசபையில் ஆங்கிலம், கடற்கரையில் தமிழ். இரண்டிலும் ஒரே மாதிரி அடித்துப் பேசக்கூடிய ஆட்கள் அப்போது வெகு சிலர்தான்.

1919-இல் காங்கிரஸ் தூதுக்குழுவில் ஒருவராக இங்கிலாந்து போனார். 1923 முதல் சென்னைச் சட்ட மேலவையில் சுயராஜ்யக் கட்சி உறுப்பினர். 1928-இல் பாரதியார் பாடல்களை அரசாங்கம் பறிமுதல் செய்தபோது அதைக் கண்டித்து மேலவையில் பெரிய விவாதம் நடந்தது. அந்தச் சண்டையில் முன்னால் நின்றவர்களில் சத்தியமூர்த்தி ஒருவர். பாரதி இறந்து 7 வருடம்தான் ஆகியிருந்தது. 1930-இல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் உச்சியில் கொடி ஏற்றப் போய்க் கைதானார்.

1934 தேர்தலில் சென்னை நகரத் தொகுதியில் சர் ஏ. ராமசாமி முதலியாரைத் தோற்கடித்து மத்திய சட்டசபைக்குப் போனார். இது சாதாரண விஷயமில்லை. முதலியார் நீதிக்கட்சியின் பெரிய மூளை. டில்லியில் சத்தியமூர்த்திதான் காங்கிரஸ் கட்சியின் துணைத் தலைவர். கேள்வி நேரத்தில் துணைக் கேள்வி கேட்பதில் அவருக்கு இணை இல்லை என்று பெயர் வாங்கினார். எங்கள் உத்தியோகத்தில் ஆடிட்டர் வந்தால் முதல் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கும். ஆளைச் சாய்ப்பது அதற்கு அடுத்து வருகிற கேள்விதான். அதைக் கேட்கத் தெரிந்தவர்தான் ஆடிட்டர். வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு அப்படி ஒரு ஆடிட்டர் இவர்.

அமெச்சூர் நாடக நடிகராகவும் இருந்தார். பேச்சில் அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பாட்டுக்காரர்களுக்கும் நாடகக்காரர்களுக்கும் காங்கிரஸ் மேடையில் இடம் பிடித்துக் கொடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1937 தேர்தல் பிரசாரத்தில் கே.பி. சுந்தராம்பாளின் குரல் ஊர் ஊராக ஒலித்ததற்குப் பின்னால் இருந்தவர் இவர்தான். சினிமாவையும் நடிகர்களையும் மரியாதையான காங்கிரஸ் பெரியவர்கள் முகம் சுளித்துப் பார்த்த காலம் அது. பின்னாளில் தமிழ்நாட்டு அரசியல் எந்தப் பாதையில் போனது என்று நமக்குத் தெரியும். அந்தப் பாதையின் வாசலில் நின்ற முதல் சிலரில் ஒருவர் இந்த மயிலாப்பூர் வக்கீல் என்பது வேடிக்கைதான்.

எல்லாம் புகழ்ச்சியாகவே எழுதிக்கொண்டு போக எனக்கு இஷ்டமில்லை. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மேலவையில் போராடியபோது எதிர்த்து நின்றவரும் இதே சத்தியமூர்த்திதான். முத்துலட்சுமியும் புதுக்கோட்டைக்காரர், இவருக்கு ஒரு வயது மூத்தவர். ஒரே சமஸ்தானம், ஒரே மகாராஜா கல்லூரி. அந்த விவாதத்தில் எங்கள் ஊர் இரண்டு பக்கமும் நின்றது. சரியான பக்கத்தில் நின்றவர் முத்துலட்சுமிதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாதி, சம்பிரதாய விஷயங்களில் சத்தியமூர்த்தி பழமைவாதி. அதே மனிதர்தான், விருதுநகரிலிருந்து வந்த, அதிகம் படிக்காத, மேடையில் பேசக் கூச்சப்படுகிற காமராஜை அடையாளம் கண்டு 1936-இல் தமிழ்நாடு காங்கிரஸின் செயலாளர் ஆக்கினார். இவர் தலைவர், அவர் செயலாளர். நாலு வருடம் கழித்து 1940-இல் அவர் தலைவர், இவர் செயலாளர்! சிஷ்யனுக்குக் கீழே உட்கார எத்தனை பேருக்கு மனசு வரும்? எங்கள் பிராஞ்சில் ஜூனியர் ஒருவருக்கு முதலில் ப்ரமோஷன் வந்துவிட்டால் ஆறு மாதம் பேச்சுவார்த்தை இருக்காது.

சரி, யுத்தத்துக்கு வருவோம். இந்தப் பதிவுக்குக் காரணமே அதுதான்.

1939 செப்டம்பர் 3. வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் யுத்தத்தில் இருக்கிறது என்று அறிவித்தார். யாரையும் கேட்கவில்லை. அதற்கு முன்பே, ஆகஸ்ட்டில், இந்தியத் துருப்புகளை எகிப்துக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பியதைக் கண்டித்து, மத்திய சட்டசபைக்குப் போகக் கூடாது என்று காங்கிரஸ் தன் உறுப்பினர்களுக்குச் சொல்லியிருந்தது. அக்டோபர் கடைசியில் சென்னையில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா. சத்தியமூர்த்தியைப் பொறுத்தவரை இதன் அர்த்தம் என்ன? அவருடைய தொழிற்சாலைக்குப் பூட்டு. சட்டசபைக்குள் போய்ச் சண்டை போடவேண்டும், பதவியை ஏற்கவேண்டும் என்று 15 வருடமாகக் காங்கிரஸுக்குள்ளேயே வாதாடியவர் அவர். அந்தச் சபையையே காலி செய்யச் சொன்னது அவருடைய கட்சி. கட்சிக் கட்டுப்பாட்டை மீறவில்லை, வெளியே வந்தார்.

வந்தவருக்குக் கிடைத்தது சென்னை மேயர் பதவி, 1939 நவம்பரில், ஒரு வருடத்துக்கு. மேயர் என்றால் மாலை, வரவேற்புப் பத்திரம், புகைப்படம் என்று பலரும் கழித்துவிடுவார்கள். இவர் தண்ணீரைப் பிடித்தார். சென்னைக்குத் தண்ணீர்ப் பஞ்சம் புதிதல்ல. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் ஒரு நீர்த்தேக்கம் என்பது திட்டமாகவே கிடந்தது. யுத்த காலம், இரும்பும் சிமெண்டும் ராணுவத்துக்கே போதவில்லை. அந்த நேரத்தில் வெள்ளைக்கார கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் பேசிப் பேசியே சம்மதிக்க வைத்தார். 1940-இல் அடிக்கல். ஏறக்குறைய 65 லட்ச ரூபாய் வேலை. அரசாங்கத்தை எதிர்த்து முழங்குகிற அதே வாயால் அரசாங்கத்திடம் காரியம் சாதிக்கவும் தெரிந்தவர்.

அதே 1940 அக்டோபரில்தான் காந்தி தனிநபர் சத்தியாகிரகத்தை ஆரம்பித்தார். 17-ஆம் தேதி முதல் ஆள் வினோபா. இதை நம் பாடப் புத்தகங்கள் இரண்டு வரியில் தாண்டிவிடும். நிதானித்துப் பார்த்தால் விசித்திரமான போராட்டம். உப்புக் காய்ச்ச வேண்டாம், ஊர்வலம் வேண்டாம், மறியல் வேண்டாம். மாஜிஸ்திரேட்டுக்கு முன்கூட்டியே கடிதம் போட்டுவிட்டு, இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் போய் நின்று, ஆளாலும் பணத்தாலும் இந்த யுத்தத்துக்கு உதவுவது தப்பு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் குற்றம். இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி அதற்கே சிறை. நேருவுக்குப் பேசியதற்காக 4 வருடத் தண்டனை விதித்தார்கள்.

மணிக்கணக்கில் பேசி ஆயிரக்கணக்கான பேரைக் கட்டிப்போடக்கூடிய ஒருவர், ஒரே ஒரு வாக்கியத்துக்காக உள்ளே போனார். அந்த வரிசையில் சத்தியமூர்த்தியும் சிறை சென்றார். உடம்பு ஏற்கெனவே சரியில்லை. சிறையிலிருந்து மகள் லட்சுமிக்கு எழுதிய கடிதங்கள் பின்னால் புத்தகமாக வந்தன. ஊருக்கே பேசியவருக்குக் கேட்க மிஞ்சிய சபை அந்த ஒரு பெண்தான்.

இப்போது அல்சூருக்கு வாருங்கள்.

ஏரிக்கரையில் நடக்கப் போகிறவர்களுக்குத் தெரியும், கரையை ஒட்டி ராணுவ வளாகம். மெட்ராஸ் என்ஜினியர் குரூப், சுருக்கமாக எம்.இ.ஜி. யுத்த காலத்தில் அதற்கு மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே பெங்களூர்தான் அவர்களுக்குத் தலைமையிடம். அந்த வீரர்களுக்கு ராணுவம் முழுவதும் செல்லப்பெயர் "தம்பி". பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம் பக்கத்துத் தமிழர்கள் நிறையப் பேர் அதில் சேர்ந்தார்கள். அல்சூர், அப்போது மைசூர் மகாராஜாவின் ஆட்சிக்குள் இல்லாமல், சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்று பிரிட்டிஷ் ரெசிடென்ட்டின் கையில் இருந்தது. 1947 ஜூலையில்தான் திரும்ப மைசூரோடு சேர்ந்தது. இந்தப் பேட்டையில் தமிழ் இவ்வளவு ஆழமாக ஊறியிருப்பதற்கு அந்தக் கண்டோன்மெண்ட் ஒரு பெரிய காரணம். பட்டாளம், பட்டாளத்துக்குத் தையல், பட்டாளத்துக்குக் காய்கறி, பட்டாளத்துக்குச் சமையல், துப்புரவு. ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 1991-இலிருந்து 18 வருடம் மூடிக் கிடந்து 2009-இல் திறந்தபோது கண்கலங்கிய பெரியவர்களில் எத்தனை பேர் இந்தப் பட்டாளத்துப் பரம்பரையோ!

ஒவ்வொரு நவம்பரிலும் பென்ஷன்காரர்கள் உயிர்ச் சான்று கொடுக்க பிராஞ்சுக்கு வருவார்கள். அல்சூர்ப் பக்கத்து பிராஞ்சில் பாதிப் பேர் சாப்பர் குடும்பம். ஒரு பெரியவர், அவரும் ரிட்டயர்டு சாப்பர், ஒருமுறை வரிசை குறைவாக இருந்ததால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். "எங்க தாத்தா பர்மாவுல பாலம் கட்டினவரு சார். ஜப்பான்காரன் உடைப்பான், இவங்க கட்டுவாங்க" என்றார். எனக்கு அப்போது சத்தியாகிரக விஷயம் அரைகுறையாகத் தெரியும். "அப்ப காங்கிரஸ்காரங்க பட்டாளத்துல சேரக் கூடாதுன்னு சொன்னாங்களேய்யா, ஊர்ல யாரும் தடுக்கலையா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "சொன்னாங்கன்னு தாத்தாவும் சொல்வாரு சார். நல்லாத்தான் பேசுவாங்களாம், கேட்டுக்கிட்டு நிப்பாராம். கேட்டுட்டு வந்து வீட்ல பாத்தா அடுப்புல ஒண்ணும் இருக்காதாம். அப்புறம் எங்க போறது?"

அந்தப் பதில்தான் என்னைச் சத்தியமூர்த்தியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. யார் அவர்கள், நல்லாப் பேசினவர்கள்?

யுத்தம் தொடங்கியபோது இந்திய ராணுவத்தில் ஏறக்குறைய 2 லட்சம் பேர். முடிந்தபோது 25 லட்சம். கட்டாயம் பிடித்த ஆள் ஒருவரும் இல்லை, எல்லோரும் தானாகச் சேர்ந்தவர்கள். "தானாக" என்ற சொல்லுக்குள் எத்தனை காலி அடுப்பு இருந்தது என்பது வேறு கணக்கு. 1940 டிசம்பரில் பெங்களூரில் விமானத் தொழிற்சாலையும் ஆரம்பமானது. யுத்தம் இந்த ஊர்த் தமிழனுக்குச் சோறு போட்டது. மறைக்க என்ன இருக்கிறது? 1944 பிப்ரவரியில் இத்தாலியில் ஒரு மெட்ராஸ் சாப்பர், சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், வெடிக்கப்போன கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து, கூட வந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள். அவரை வெள்ளைக்காரனுக்காகச் செத்தவர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பக்கத்தில் நின்ற தம்பிகளுக்காகச் செத்தவர்.

அப்படியானால் சத்தியமூர்த்தி சொன்னது தப்பா? "ஆளாலும்" என்பதோடு "பணத்தாலும்" என்று ஒரு சொல் இருந்ததே, அதைக் கவனியுங்கள். இது எங்கள் துறை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். யுத்தத்துக்கு இந்தியாவில் வாங்கிய சாமான்களுக்கும் சம்பளத்துக்கும் பிரிட்டன் லண்டனில் ஸ்டெர்லிங்கில் கடன் எழுதி வைத்தது. அந்தக் கடன் சீட்டை வைத்துக்கொண்டு ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டு அடித்தது. 1939-இல் ஏறத்தாழ 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம் யுத்தம் முடிவதற்குள் 1,000 கோடியைத் தாண்டியது. சாமான் கப்பலேறிப் போகிறது, நோட்டு மட்டும் பெருகுகிறது. பி.காம். முதல் வருஷப் பையன்கூடச் சொல்வான், விலை என்ன ஆகும் என்று. பட்டாளத்துக்காரன் வீட்டுக்கு மணியார்டர் வந்தது, அந்தப் பணத்துக்கு அரிசி வரவில்லை. 1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். அந்தப் பஞ்சத்துக்குக் காரணம் பல என்றாலும் யுத்த காலப் பணவீக்கம் முக்கியமான ஒன்று.

பெரியவரின் தாத்தாவை அடுப்பு பட்டாளத்துக்கு அனுப்பியது, பட்டாளச் செலவு இன்னும் பல அடுப்புகளை அணைத்தது. மேடையில் பேசியவரும் சரி, கேட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தவரும் சரி. இரண்டு பேரையும் ஒரே லெட்ஜரில் எழுதி எப்படி டேலி செய்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

1940 நவம்பரில் காங்கிரஸ் உறுப்பினர்கள் ஒரே ஒரு காரியத்துக்காக மத்திய சட்டசபைக்குத் திரும்பி வந்தார்கள். யுத்தச் செலவுக்கான கூடுதல் நிதி மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட. மசோதா தோற்றது. வைஸ்ராய் தன் விசேஷ அதிகாரத்தால் அதை அமல்படுத்திக்கொண்டார். இத்தனை வருடம் சட்டசபையை நம்பியவருக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

1942 ஏப்ரலில் கொழும்பு மேலும் விசாகப்பட்டினம் மேலும் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் சென்னையே காலியானது. மூட்டை முடிச்சோடு உள்நாட்டுக்கு ஓடினார்கள். (மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம், புலிகளைக்கூடச் சுட்டுவிட்டார்கள், குண்டு விழுந்து தப்பித்துவிட்டால் என்ன செய்வதென்று.) அதே ஏப்ரலில் ராஜாஜி, முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையை ஒத்துக்கொண்டாவது ஒன்றாக நிற்க வேண்டும் என்று சென்னைக் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியில் தீர்மானம் போட்டார். சத்தியமூர்த்தி எதிர் அணி. ஜூலையில் ராஜாஜி காங்கிரஸை விட்டே விலகினார்.

ஆகஸ்ட் 8, பம்பாய். "வெள்ளையனே வெளியேறு" தீர்மானம். போயிருந்த தமிழ்நாட்டுத் தலைவர்கள் ரயிலில் திரும்பினார்கள். சென்னையில் போலீஸ் காத்திருக்கும் என்று ஊகித்த காமராஜ் அரக்கோணத்தில் இறங்கி மறைந்து, ராணிப்பேட்டை, தஞ்சாவூர், மதுரை என்று சுற்றி, செய்ய வேண்டிய ஏற்பாடுகளை முடித்துவிட்டுத்தான் பிடிகொடுத்தார். சத்தியமூர்த்தியால் அப்படி மறைந்து திரிய முடியாது. வயது 55 ஆகப் போகிறது, உடம்பில் தெம்பில்லை. திரும்பும் வழியில் கைதானார்.

அவரை மத்திய மாகாணத்து அமராவதிச் சிறைக்கு அனுப்பினார்கள். நோயாளியை அவ்வளவு தூரம் கொண்டுபோன அந்தப் பயணத்தில் முதுகுத்தண்டில் அடி. அதிலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் சென்னை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். 1943 மார்ச் 28 அன்று அங்கே காலமானார். காமராஜ் அப்போது சிறையில். வெளியே வர இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது. காங்கிரஸ் தலைவர்கள் பெரும்பாலோரும் உள்ளே. தமிழ்நாட்டின் பெரிய பேச்சாளர் செத்தபோது, இரங்கல் கூட்டத்தில் அவர் தரத்துக்குப் பேச அவர் கட்சியில் வெளியே அதிகம் பேர் இல்லை.

அவர் மறக்கப்பட்டதற்கு நான் காரணமாக நினைப்பது இந்த மூன்று வருடங்களைத்தான். 1942 முதல் 1945 வரை காங்கிரஸ் மேடை காலி. ஆனால் தமிழ்நாட்டில் மேடை காலியாக இருக்குமா? யுத்தத்துக்கு ஆதரவு கொடுத்த நீதிக்கட்சிக்கும் பெரியாருக்கும் பேசத் தடையில்லை. ஹிட்லர் ரஷ்யாவின்மேல் பாய்ந்த பிறகு கம்யூனிஸ்டுகளும் இது மக்கள் யுத்தம் என்று திரும்பினார்கள், 1942 ஜூலையில் அவர்கள்மேல் இருந்த தடையும் நீங்கியது. காஞ்சிபுரத்தில் அண்ணாதுரை 1942 மார்ச்சில் "திராவிட நாடு" வார இதழைத் தொடங்கினார். புதிய தமிழ், அடுக்குமொழி, வேறு தாளம். 1945-இல் காங்கிரஸ்காரர்கள் சிறையிலிருந்து வெளியே வந்தபோது ஜனங்களின் காது மாறியிருந்தது. இன்றைக்கு நம்மிடம் மேடைப் பேச்சு என்று சொன்னால் அந்தக் காதால்தான் கேட்கிறோம். இதற்காக அண்ணாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் பேச்சுக்கு நானும் ரசிகன்தான். ஆனால் அதற்கு முன்பு இருந்த ஒரு குரல் தேயவில்லை, தோற்கவில்லை, நடுவிலேயே நிறுத்தப்பட்டது. சத்தியமூர்த்தியின் பழமைவாதமும் அவர் புகழுக்கு எதிராக வேலை செய்தது என்பது உண்மை. ஆனால் அது மட்டும் காரணமென்றால் ராஜாஜியை எப்படி நினைவு வைத்திருக்கிறோம்? அவர் 1972 வரை இருந்தார், எழுதினார், பதில் சொன்னார், சண்டை போட்டார். இவருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. இவ்வளவு பெரிய பேச்சாளருக்கு வாய்த்த வாரிசு யார்? மேடையில் நாலு வாக்கியம் நேராகப் பேசிவிட்டு, மற்றதற்கெல்லாம் "பார்க்கலாம்" என்று முடிக்கிற காமராஜ். தன்னைப் போலவே ஒருவரைத் தேடியிருந்தால் சத்தியமூர்த்திக்கு அடுக்கடுக்காகப் பேசும் வக்கீல்கள் கிடைத்திருப்பார்கள். தன்னிடம் இல்லாததை இன்னொருவரிடம் பார்த்து எடுத்தார்.

மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி, 1960-களில் "வாசகர் வட்டம்" என்ற பதிப்பகம் நடத்தினார். தமிழில் நல்ல புத்தகம் எவ்வளவு நேர்த்தியாக இருக்கலாம் என்று காட்டிய பதிப்பகம் அது. லா.ச.ரா.வின் "புத்ர", தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய "நடந்தாய் வாழி காவேரி" எல்லாம் அங்கே வந்தவை. குடகில் தொடங்கிக் கர்நாடகம் வழியாகக் காவேரி போகிற வழியெல்லாம் போய் எழுதிய புத்தகம் அந்தக் கடைசிப் புத்தகம். நாம் இங்கே தினமும் குழாயில் பிடிக்கிற தண்ணீரின் கதை என்பதால் வீட்டில் வாங்கி வையுங்கள். மறுபதிப்பும் வந்திருக்கிறது.

பூண்டி நீர்த்தேக்கத்தில் 1944-இல் தண்ணீர் நிறுத்தினார்கள். அடிக்கல்லுக்குக் காரணமாக இருந்தவர் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. பின்னாளில் அதற்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் வைத்தார்கள். கிருஷ்ணா தண்ணீர் தெலுங்கு கங்கைக் கால்வாயில் வந்து முதலில் சேருகிற இடமும் அதுதான். சென்னையில் இருக்கிற உங்கள் சொந்தக்காரர்களிடம் கேட்டால் பூண்டி என்பார்கள், சாகர் என்று யாரும் சொல்வதில்லை.

1947 ஆகஸ்ட் 15 அன்று காமராஜ் சத்தியமூர்த்தியின் வீட்டுக்குப் போய்த்தான் முதலில் கொடியேற்றினார் என்பார்கள். 1954-இல் முதலமைச்சர் ஆனபோதும் அந்த வீட்டுக்குப் போய்விட்டுத்தான் வேலையைத் தொடங்கினாராம். என்ன பேசினார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அவர் ஒன்றும் பேசியிருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.